துலக்கிய கையும் காத்த மண்ணும்

அரக்கோணத்தில் ரயில் ஏறித் திருத்தணி, நகரி, ஏகாம்பரகுப்பம் என்று வடக்கு நோக்கிச் சென்று புத்தூரில் இறங்குகிறவர்களைச் சற்றே கவனித்தால், அவர்களுள் சிலர் கையைத் துணியினால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டும், சிலர் பிறர் தோளைப் பற்றி ஒற்றைக் காலால் தத்தியும் வருவதைக் காணலாம். முறிந்த எலும்பைக் கூட்டி, மூலிகை அரைப்பும் முட்டையின் வெண்கருவும் மூங்கிற் பத்தையும் வைத்துத் துணியால் சுற்றுகிற 'புத்தூர்க் கட்டு' என்ற வைத்தியத்தினால், சென்னைப் பட்டணத்திலும் அதற்கு அப்பாலும் பெயர் விளங்கிய ஊர் அது. தொண்டை மண்டலத்தின் வட எல்லையில், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசிப் பழகிய சீமையைச் சேர்ந்தது; நெடுங்காலம் சித்தூர் ஜில்லாவில் இருந்து, 2022-இல் புதிதாக அமைந்த திருப்பதி ஜில்லாவுக்குள் வந்தது.

அவ்வூரில் இருக்கும் என் பெரியம்மா, வியாழக்கிழமை மாலைதோறும் பூஜைச் சாமான்களைத் துலக்குவதை ஒரு விரதம் போலவே நடத்துகிறவர். ஒரு முறை நான் போயிருந்தபோது, கிணற்றடியில் குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் கைமணியும் வரிசையாக இருக்க, அவற்றின் நடுவே ஒரு சாண் உயரமுள்ள பித்தளைப் புத்தர் ஒருவரும், தம் முறை எப்பொழுது வரும் என்ற கவலை சிறிதும் இல்லாதவராய், இமை தாழ்த்தி அமர்ந்திருந்தார். பேரன் எங்கோ யாத்திரை போய்த் திரும்புகையில் வாங்கி வந்தது என்றார் பெரியம்மா. பிறகு, புளிக் கரைசலில் கையை வைத்தபடியே, "ஏம்ப்பா, நம்ம சாமிக்குப் புளி போட்டுத் தேய்க்கிறோம். இவருக்கும் போடலாமா? இவருக்குன்னு தனியா ஏதாவது முறை இருக்கா? நீதான் புஸ்தகம் படிக்கிறவனாச்சே, சொல்லேன்" என்று கேட்டார்.

கேள்வி சிறியதுதான். ஆனால் விடை சொல்லப் புகுந்தபோது, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சீன பிக்ஷு எழுதிவைத்ததும், நாகபட்டினத்து மண் தன்னுள் வைத்திருந்ததும், எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையின் ரசாயன சாலை கண்டறிந்ததும் அந்தக் கேள்விக்குள்ளே அடங்கியிருப்பது எனக்கு விளங்கிற்று.

விடைக்குப் புறப்படுமுன் வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்டிவிட வேண்டும். புத்தூர் என்ற பெயரைக் கேட்டவுடனே, புத்தர் ஊர்தான் புத்தூர் ஆயிற்று என்று சொல்லத் துடிக்கிறவர்கள் உண்டு. புத்தர்மீது பக்தியும் சொல்லாராய்ச்சியில் ஆசையும் ஒருங்கே உடையவர்களுக்கு இது இயல்பே. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் முதல் யாழ்ப்பாணத்துப் புத்தூர் வரையில், தமிழ் வழங்கிய நிலமெங்கும் புத்தூர்கள் இருக்கின்றன. புதிதாகக் குடியேறிய ஊர் என்பதே அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஏற்ற பொருள். பெயரைக்கொண்டு பௌத்தத்தைத் தேடுவதைக் காட்டிலும், மண்ணிலும் ஏட்டிலும் கிடைத்த பொருள்களைக்கொண்டு தேடுவதே நேர்மையான வழி.

அப்படித் தேடினால் தொண்டை மண்டலம் நம்மை ஏமாற்றுவதில்லை. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பற்றி எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கே சங்காராமங்கள் என்னும் பௌத்தப் பள்ளிகள் நூறும் பதினாயிரம் பிக்ஷுக்களும் இருந்ததாகக் குறித்தார்; அதே நூற்றாண்டின் முற்பகுதியில் அரசாண்ட மகேந்திரவர்ம பல்லவன், தன் மத்தவிலாசப் பிரகசனத்தில் ஒரு பௌத்த பிக்ஷுவை மேடையேற்றிப் பரிகாசம் செய்தான். ஊரில் இல்லாதவனை எவரும் பரிகாசம் செய்வதில்லை. காஞ்சியின் கோயில்களிலும் அவற்றைச் சூழ்ந்த இடங்களிலும் எஞ்சியிருந்த கற்புத்தர்களைப் பற்றி 1915-இல் டி. ஏ. கோபிநாத ராவ் எழுதி ஆராய்ச்சியுலகுக்கு அறிவித்தார். வடக்கே, கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள அமராவதியில், சீவர ஆடையின் மடிப்புகள் நீரலைபோல் விழும்படி வார்த்த உலோகப் புத்தர்கள் கிடைத்தன. அந்த அமைப்பைத் தழுவிய பிரதிமைகள் கடல் கடந்த தேசங்களிலும் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. தெற்கே கல்லில் புத்தரைச் செதுக்கிய காஞ்சிக்கும் வடக்கே உலோகத்தில் வார்த்த அமராவதிக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருக்கிறது புத்தூர்ச் சீமை.

கல்லுக்கும் செம்புக்கும் பராமரிப்பில் பெரிய வேற்றுமை உண்டு. கல் மழையிலும் வெயிலிலும் தனியே நிற்கும். செம்போ, சில வாரம் கவனியாவிட்டால் கறுக்கும், சில ஆண்டு கவனியாவிட்டால் களிம்பேறும். ஆகவே செப்புப் பிரதிமை எங்கே வழிபாட்டில் இருந்ததோ, அங்கே அதைத் துலக்கிய கையும் இருந்தே தீர வேண்டும். அந்தக் கையின் வேலையை நமக்கு எழுதிவைத்தவர் இ-சிங் என்னும் சீன பிக்ஷு. 671-இல் தாய்நாட்டை விட்டுக் கப்பலேறி, சுமத்ரா தீவிலுள்ள ஸ்ரீவிஜயத்தில் சம்ஸ்கிருதம் பயின்று, நாளந்தாவில் பல்லாண்டு தங்கி, மறுபடியும் ஸ்ரீவிஜயத்துக்கு வந்திருந்துகொண்டு, இந்தியப் பள்ளிகளில் தாம் கண்ட ஆசாரங்களை ஒரு நூலாக எழுதி, 692-இல் சீனத்துக்கு அனுப்பிவைத்தவர் அவர். அந்நூலில் பிரதிமைகளை நீராட்டுவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

முற்பகலில் பள்ளியின் காரியஸ்தர் மணியடிப்பார். முற்றத்தில் விதானம் விரிப்பார்கள். வாசனை நீர்க் குடங்கள் வரிசையாக வைக்கப்படும். பொன், வெள்ளி, செம்பு, கல் ஆகிய எதனால் ஆன பிரதிமையானாலும் அதனைத் தொட்டியில் எழுந்தருளச் செய்து, வாத்தியம் முழங்க, சந்தனம் முதலிய வாசனைகளைப் பூசி, நீராட்டி, வெள்ளைத் துணியால் ஒற்றி, பிறகு உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூச்சாத்துவார்கள். செப்புப் பிரதிமையானால், சிறிதோ பெரிதோ, மெல்லிய சாம்பலாலாவது செங்கற்பொடியாலாவது தேய்த்து, கண்ணாடிபோல் தெளியும்வரை நீர் வார்க்க வேண்டும் என்பது அவர் கூறும் விதி. பெரிய பிரதிமைக்கு மாதத்தின் நடுவிலும் முடிவிலும் சங்கத்தார் யாவரும் கூடியும், சிறியதற்கு இயன்றால் நாள்தோறும் தனித்தனியேயும் இதைச் செய்ய வேண்டுமாம்.

சாம்பலும் செங்கற்பொடியும்! இந்தப் பகுதியைப் படித்தபோது பெரியம்மாவின் கிணற்றடிதான் என் கண்முன் வந்து நின்றது. கடைகளில் பொட்டலமாகத் துலக்குபொடி வருவதற்கு முன்பு, தொண்டை மண்டலத்து வீடுகளில் வெண்கலப் பானையையும் பித்தளைக் குடத்தையும் தேய்த்தது இவ்விரண்டும் புளியுமே அல்லவா? நாளந்தாவின் சங்கத்தாரும் புத்தூர்க் கிழவியும் ஒரே பொடியால் துலக்கியிருக்கிறார்கள். இறைவனுக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று என்று வேறு பொடி தேடாத எளிமை அந்நாளில் இருந்தது.

அதே இ-சிங், கடல் கடந்து யாத்திரை வந்த பிக்ஷுக்களின் சரிதங்களைச் சொல்லுமிடத்தில், அவர்களுள் ஒருவர் கடாரத்திலிருந்து முப்பது நாளில் நாகபட்டினம் சேர்ந்து, அங்கிருந்து இரண்டு நாளில் ஈழத்தை அடைந்ததாகக் குறிக்கிறார். இந்தக் கடல்வழியிலேதான் பிற்காலத்தில் ஒரு பெரும்பள்ளி எழுந்தது. ஸ்ரீவிஜய மன்னன் ஸ்ரீமாற விஜயோத்துங்க வர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகபட்டினத்தில் எடுப்பித்த சூளாமணி விகாரத்துக்கு, முதலாம் இராஜராஜன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு உரிய நிலமாக, அளித்தான். அத்தானத்தைச் செப்பேட்டில் பொறித்து நிலைநிறுத்தியவன் அவன் மகன் இராஜேந்திரன். இருபத்தொரு ஏடுகள் கொண்ட அந்தச் சாசனம், ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றது. ஆண்டொன்றுக்கு 8,900 கலத்துக்கு மேல் நெல் காணிக்கடனாக வரும் ஊரைச் சைவப் பேரரசன் ஒருவன் பௌத்தப் பள்ளிக்கு விட்டுக்கொடுத்ததைச் சமயப் பொறைக்கு எடுத்துக்காட்டாகச் சரித்திர ஆசிரியர்கள் சொல்லுவார்கள். அதனோடு இன்னொன்றையும் நினைக்க வேண்டும். விளக்குக்கு எண்ணெயும், பிரதிமைக்குப் பூவும், அதைத் துலக்குகிற கைக்குச் சோறும் அந்த நெல்லிலிருந்துதான் வந்தன. பராமரிப்பு என்பது பக்தியினால் தொடங்கும், நெல்லினால்தான் நீடிக்கும்.

அப்பள்ளிகளின் பிரதிமைகளை வார்த்த முறையோ, இன்றும் சுவாமிமலை ஸ்தபதிகள் கையாளுகிற மெழுகு வார்ப்பே. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, தென்னங்குருத்து ஓலையை மடித்து எடுத்த அளவின்படி உருவத்தைப் பிடித்து, காவிரியின் வண்டல் மண்ணை அதன்மேல் பூசி உலர்த்தி, நெருப்பிலிட்டு மெழுகை ஓடவிட்டு, அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். சம்ஸ்கிருத சில்ப நூல்கள் இதனை 'மதூச்சிஷ்ட விதானம்' என்னும்; தேனை எடுத்தபின் எஞ்சியது மதூச்சிஷ்டம், அதாவது மெழுகு. மண்ணை உடைத்தால்தான் உருவம் வெளிப்படும் ஆகையால், ஓர் அச்சுக்கு ஒரு பிரதிமைதான். இரண்டாவது ஒன்று அதிலிருந்து பிறவாது. இறுதியில் உளியும் அரமும் கொண்டு நுண்மைகளைத் தீட்டிக் கண் திறப்பார்கள். ஈழத்துப் பௌத்தர்களிடையே அந்தக் கடைசிக் கிரியையின்மீது எவ்வளவு அச்சமும் பக்தியும் இருந்தன என்பதை ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட நூலில் விவரிக்கிறார்: கண் எழுதுகிறவர் பிரதிமையின் முகத்தை நேரே பாராமல், கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்த்தே கண்ணை எழுதுவாராம்.

இங்கே உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். செம்போடு துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம். சோழ நாட்டுத் திருமேனிகளில் செம்பே மிகுதி. சிறிது வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும். துத்தநாகம், செம்பு உருகும் சூட்டை எட்டுமுன்பே ஆவியாகிப் பறந்துவிடும் இயல்புடையது. ஆதலால் அதனைச் செம்போடு இணைப்பதே முற்காலத்தில் அருமையான வித்தையாக இருந்தது. இந்நாளில் அது மலிவாகிவிட்டபடியால், கடைத்தெருவில் நமக்குக் கிடைக்கும் பெரும்பாலான புத்தர்கள் பித்தளைப் புத்தர்களே. பொன்போல் மஞ்சளாய் மின்னுவது பெரியம்மாவின் புத்தர். சிவந்து கறுத்துப் பசுமை படர்ந்திருப்பவர் நாகபட்டினத்து மண்ணில் கிடைத்த புத்தர்.

உருவத்தின் பொருளை அறியாதவன் அதைத் துலக்கத் தெரியாதவன் என்பது என் எண்ணம். ஏன் என்பதை நாகபட்டினத்துப் பிரதிமைகளைக்கொண்டே சொல்லலாம். அவற்றுள் நின்ற கோலத்துப் புத்தர் பலர். வலக்கை அஞ்சாதே என்று உயர்ந்திருக்கும்; அது அபய முத்திரை. இடக்கை, விரல்கள் மேல்நோக்கிச் சற்றே வளைய, அருகே வா, வேண்டியது தருகிறேன் என்று அழைத்து வழங்கும் பாவனையில் இருக்கும். ஆஹூய வரதம் என்பார்கள். அஞ்சாதே என்பதும் வா என்பதும் சேர்ந்த இந்த இரண்டு கைகளில் போதனை முழுவதையும் ஸ்தபதி அடக்கிவிட்டான். உச்சியில், சுருண்ட குழலுக்கு மேலே, உஷ்ணீஷத்திலிருந்து ஒரு தீச்சுடர் எழுகிறது. வட இந்தியப் பிரதிமைகளில் உஷ்ணீஷம் பெரும்பாலும் ஒரு புடைப்பாக நின்றுவிட, நாகபட்டினத்திலும் ஈழத்திலும் அது சுவாலையாக வளர்ந்தது. ஞானம் என்பது தலைக்குள் தங்குவதன்று, எரிந்து பிறர்க்கு ஒளி தருவது என்பதே அதன் தாத்பரியம். புருவங்களுக்கிடையே ஊர்ணை என்னும் சிறு சுழி. உள்ளங்கையில் மகாபுருஷ லக்ஷணமான குறி. முன்னொரு நாள் அணிந்திருந்த அரச குண்டலங்களின் கனத்தால் நீண்டு, இன்று வெறுமையாய்த் தொங்கும் காதுகள், துறந்ததற்குச் சாட்சி. அமர்ந்த கோலமானால், மடியில் கைமேல் கை வைத்த தியானம், அல்லது மாரனை வென்றதற்குப் பூமியைச் சாட்சியாக அழைத்து விரல் தாழ்த்திய பூமிஸ்பரிசம். சிலவற்றில் இருமருங்கும் நாகராஜர்கள் சாமரை ஏந்தி நிற்பார்கள். பின்னே போதிமரம் தழைத்திருக்கும்.

இவற்றையெல்லாம் ஒருமுறை கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். சுடர், ஊர்ணை, விரல் நுனி, இமையின் கோடு, சீவரத்தின் விளிம்பு: கருத்து எங்கே செறிந்திருக்கிறதோ, அங்கேதான் உலோகம் மிகமிக மெல்லிதாக இருக்கிறது. மார்பையும் முழந்தாளையும் நூறாண்டு தேய்த்தாலும் பெருங்குறை நேராது. ஊர்ணையையும் இமையையும் அப்படித் தேய்த்தால் புத்தர் வெறும் பொம்மையாகிவிடுவார். நெடுநாள் பூஜையில் இருந்த நம் உற்சவ மூர்த்திகள் பலவற்றின் திருமுகம் தேய்ந்து வழவழப்பாகிப் போனதைக் கண்டவர்களுக்கு இது தெரிந்த செய்தியே. பக்தனுடைய கைதான் அந்த முகத்தை அழித்தது என்றாலும், அழித்த கையைக் குற்றம் சொல்லவும் மனம் வருவதில்லை.

நாகபட்டினத்துப் புத்தரும் உற்சவம் கண்டவரே. அங்கே கிடைத்த பிரதிமை ஒன்றன் பீடத்தில் தமிழ்ச் சாசனம் பொறித்திருக்கிறது. இராஜேந்திரசோழப் பெரும்பள்ளியில் அக்கசாலைப் பெரும்பள்ளிக் கோயிலுக்கு, திருவிழாவில் எழுந்தருளுவதற்காகச் செய்த திருமேனி அது என்பது அதன் கருத்து. அக்கசாலை என்பது பொற்கொல்லர் பணிசெய்யும் சாலை. உலோகத்தைக் கையாளுகிறவர்களே தங்கள் பெயரால் ஒரு பெரும்பள்ளி வைத்திருந்தார்கள் என்றால், அங்கிருந்த பிரதிமைகளின் கை தேர்ந்த பராமரிப்புக்கு என்ன குறை இருந்திருக்கும்! அச்சாசனத்தில் இன்னும் ஒரு விசேஷம்: புத்தபிரானை அது 'ஆழ்வார்' என்றே அழைக்கிறது. சுடர் ஏந்திய தலையோடு பல்லக்கில் ஏறி நாகபட்டினத்து வீதியில் எழுந்தருளிய ஆழ்வாரை, தமிழர் தம் மொழியால் தமக்கு உரியவராக்கிக்கொண்டார்கள்.

இந்தச் சொல்லுக்கு நேர்ந்த விசித்திரத்தையும் காண வேண்டும். வைஷ்ணவ குருபரம்பரைக் கதைகளில், திருமங்கை ஆழ்வார் நாகபட்டினத்திலிருந்த பொன் புத்தரைக் கவர்ந்து, உருக்கி, ஸ்ரீரங்கத்துத் திருமதில் கைங்கரியத்துக்குச் செலவிட்டார் என்று வழங்குகிறது. கதையைக் கதையாகவே கொண்டாலும், உலோகத்தின் தலையெழுத்தை அது உள்ளபடி சொல்கிறது. கற்சிலையை உடைத்தால் கல்தான் கிடைக்கும். உலோகத்தை உருக்கினால் காசு கிடைக்கும். பொன்னால் செய்தது முதலில் போகும், வெள்ளி அடுத்துப் போகும், செம்பும் ஒருநாள் குடமாகவோ மணியாகவோ மாறும். பூஜை நிற்குமானால், நிலத்துக்கு மேலே இருக்கும் உலோகத் திருமேனிக்குக் கொல்லன் உலையே அடுத்த கோயில்.

நாகபட்டினத்தில் பூஜை நின்றது. 1476-இல் பர்மாவில் பெகு நகரத்து மன்னன் தம்மசேதி வெட்டுவித்த கலியாணிச் சாசனம், ஈழத்திலிருந்து திரும்பிய பிக்ஷுக்கள் நாகபட்டினத்துக்கு வந்து, பதரிகாராமம் என்ற பள்ளி இருந்த இடத்தைக் கண்டு, ஒரு குகையிலிருந்த புத்தரை வணங்கியதாகக் கூறுகிறது. பள்ளி இருந்த இடம் என்ற சொல்லே நமக்கு வேண்டிய செய்தியைச் சொல்லிவிடுகிறது. பிறகு எஞ்சியது, புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் பேர்கொண்டு, மாலுமிகளுக்கு அடையாளமாய்க் கடற்கரையில் நின்ற மூன்று நிலைச் செங்கற்கட்டடம் ஒன்றே. 1846-இல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் அதைப் பார்த்து வரைந்து வைத்தார். 1856-இல் ஏசு சபையார் அவ்விடத்தில் இருந்த பழைய இலுப்பை மரம் ஒன்றை வெட்டியபோது, வேருக்கடியில் புத்தப் பிரதிமைகள் வெளிப்பட்டன. 1867-இல் கோபுரமும் இடிக்கப்பட்டது. அதன்பின் வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும், அஸ்திவாரம் தோண்டிய இடங்களில் மண் ஒன்றன்பின் ஒன்றாகத் தன் வைப்பை வெளியிட, ஏறத்தாழ 350 பிரதிமைகள் கிடைத்தன. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரையில் பல காலத்தைச் சேர்ந்த அவற்றுள் பெரும்பகுதி சென்னை எழும்பூர்ப் பொருட்காட்சிசாலைக்கு வந்தது, டி. என். இராமச்சந்திரன் அவற்றை ஆராய்ந்து எழுதிய பெருநூல் 1954-இல் வெளியாயிற்று. பல்லக்கில் ஏற்றியவர்களும் உலையில் போட்டவர்களும் போன பிறகு, அவற்றைக் காப்பாற்றித் தந்தது ஒருவர் கண்ணிலும் படாமல் மூடி வைத்திருந்த மண்தான்.

ஆனால் மண்ணும் கூலி வாங்காமல் காப்பதில்லை. நாகபட்டினம் கடற்கரை, அதன் மண்ணில் உப்பு உண்டு. உப்பிலுள்ள குளோரைடு செம்போடு கலந்து உள்ளே பதுங்கியிருந்து, பிரதிமை வெளியே வந்து ஈரக் காற்றைக் கண்டதும், இளம்பச்சைத் தூளாய்ப் பொங்கிப் பொங்கி உதிரத் தொடங்கும். ஒரு புள்ளியில் தொடங்கி உருவத்தையே அரித்துவிடும் இந்த நோய்க்கு, 1930களில் சென்னைப் பொருட்காட்சிசாலையின் ரசாயன சாலையில் எஸ். பரமசிவன் மின்சாரத்தின் துணையால் பரிகாரம் செய்தார்: பிரதிமையை மின்திரவத்தில் அமிழ்த்தி, மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, பதுங்கிய குளோரைடை வெளியே வரவழைத்து, பலமுறை தூய நீரில் கழுவுவது. அதன் பிறகு செய்ய வேண்டியதெல்லாம், ஈரமில்லாத காற்றில், கை படாமல் வைப்பதே.

நம் சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமையாகச் சொல்வார்கள். களிம்பு நீங்கினால் செம்பு பொன்னாகும் என்பது அவர்கள் கருத்து. வெள்ளியின் மாசைக் கொல்லன் அகற்றுவதுபோல, அறிவுடையவன் தன் மாசைச் சிறிது சிறிதாக, கணந்தோறும் அகற்ற வேண்டும் என்று தம்மபதமும் சொல்கிறது. ஆகவே களிம்பென்றாலே தேய்த்துத் தள்ள வேண்டியது என்று இரு சமயத்தாருக்கும் மனத்தில் பதிந்துபோயிற்று. ரசாயன சாஸ்திரமோ களிம்பில் இரண்டு வகை காண்கிறது. பொங்கி உதிரும் இளம்பச்சைத் தூள் நோய். வழவழப்பாய், கெட்டியாய், கரும்பச்சையாகவோ செம்பழுப்பாகவோ படிந்திருப்பது, உலோகம் தன்மேல் தானே போர்த்துக்கொண்ட போர்வை. அதைத் தேய்த்து எடுப்பது, ஆறிய புண்ணின் தோலை உரிப்பதற்கு ஒப்பாகும். ஸ்தபதியின் உளித்தடம் பல வேளை அந்தப் போர்வையில்தான் தங்கியிருக்கிறது.

இதனாலேயே எழும்பூரில் இன்று இருவகைப் புத்தர்களைக் காண்கிறோம். பாந்தியன் சாலையிலுள்ள பொருட்காட்சிசாலையில், கண்ணாடிப் பெட்டிக்குள், பூவும் நீரும் இன்றி, பசுமை படர்ந்த மேனியராய் நாகபட்டினத்துப் புத்தர் நிற்கிறார். அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில், கென்னட் சந்திலுள்ள மகாபோதி சங்கத்தில், பூவும் தீபமும் பெற்று மற்றொரு புத்தர் வீற்றிருக்கிறார். ஒருவரைத் தொடாமல் காக்கிறோம், ஒருவரைத் தொட்டுக் காக்கிறோம், இரண்டும் பராமரிப்பே.

பூவோடு பராமரிக்கிற மரபு நம் சீமைக்கு அருகிலேயே புத்துயிர் பெற்றதையும் சொல்லாமல் விடலாகாது. 1898-இல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சித்தூருக்கு மேற்கேயுள்ள கோலார் தங்கவயலில், வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து சுரங்க வேலைக்குச் சென்ற தமிழர்களிடையே அது கிளைத்தது. அவர் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை பின்னாளில் அங்கிருந்தே வெளிவந்தது. பூமிக்கடியில் பகலெல்லாம் பொன்னைத் தோண்டியவர்கள், மேலே வந்து, பொன்னால் செய்யாத புத்தருக்கு முன் விளக்கேற்றி மும்மணிகளை வணங்கினார்கள். விட்டுப்போன கை அங்கே மறுபடி வந்து சேர்ந்தது.

இனிப் பெரியம்மாவுக்கு நான் சொன்ன விடையைச் சொல்லி முடிக்கிறேன். கடையில் வாங்கிய புதுப் பித்தளைப் புத்தருக்குத் தனி விதி ஒன்றும் இல்லை. நாள்தோறும் மென்மையான பருத்தித் துணியால் தூசி ஒற்றினால் போதும். மங்கிப்போனால் எப்போதாவது புளி போடலாம், ஆனால் உப்புச் சேர்க்கக் கூடாது. புளியின் புளிப்பு கறையைக் கரைக்கும். உப்போ, நாகபட்டினத்து மண் செய்த வேலையை வீட்டிலேயே செய்யும். தேய்த்த பின் புளிப்பு ஒரு துளியும் தங்காமல் நல்ல நீரில் கழுவி, மடிப்புகளிலும் பீடத்தின் அடியிலும் ஈரமில்லாமல் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். முலாம் பூசியதற்கும் வண்ணம் தீட்டியதற்கும் புளி ஆகாது. முதல் நாள் சாத்திய பூவை வாடி ஒட்டும்வரை விடக் கூடாது. தூக்கும்போது தலையையோ கையையோ பற்றாமல் பீடத்தைப் பற்ற வேண்டும். முகத்தில் விரலை அழுத்தக் கூடாது. இவ்வளவையும் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்க் கட்டுக்காரங்க மாதிரின்னு சொல்லு. எங்கே முறிவுன்னு விரலால தடவிப் பார்த்துட்டுத்தானே கையை வைப்பாங்க" என்றார் பெரியம்மா. நான் படித்த புஸ்தகங்களில் இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லவில்லை.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏர் உழும்போதோ கிணறு தோண்டும்போதோ வீட்டுக்கு அஸ்திவாரம் எடுக்கும்போதோ ஓர் உலோகத் திருமேனி வெளிப்படுமானால், அது எந்தச் சமயத்துத் தெய்வமானாலும், புளியும் சாம்பலும் கொண்டு ஓடாதீர்கள். கிடைத்த இடத்தையும் அதைச் சுற்றியிருந்த செங்கற்களையும் ஓடுகளையும் கலைக்காமல், தாசில்தாருக்குச் செய்தி அனுப்புங்கள். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். எத்தனையோ நூற்றாண்டு காத்திருந்த திருமேனி, துலக்கத் தெரிந்தவர் வரும்வரை இன்னும் சில நாள் களிம்போடு காத்திருக்கும்.